சிந்தினாலும் பரவாயில்லை, சின்னக் கை பழகட்டும்

(தோட்டத்து மாதர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னபோது தோட்டத் தலைவர் சிரித்துவிட்டார். "சம்பளம் பேசணும், லயத்துக் கூரை பேசணும், நீங்க பிள்ளை சோறு திங்கிறதைப் பேச வந்திருக்கீங்களே டீச்சர்" என்றார். நாங்களும் சிரித்தோம். ஆனால் கூட்டம் முடிகிறபோது, இதுவும் சங்கத்தில் பேச வேண்டிய விஷயம்தான் என்று நீங்களே சொல்வீர்கள் என்று நம்புகிறோம்.

நாங்கள் பாடசாலையில் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறோம். முதலாம் தரத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளில் ஒரு சிலர், சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பசி இல்லாமல் இல்லை. யாராவது வந்து ஊட்டுவார்கள் என்று காத்திருப்பார்கள். பக்கத்துப் பிள்ளை தின்று முடித்துக் கை கழுவப் போய்விடும். இந்தப் பிள்ளை மணி அடிக்கும்வரை தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளை. அதற்கு அறிவு குறைவு இல்லை. வீட்டில் சாப்பிடப் பழகச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் கிடைக்கவில்லை? காலையில் ஐந்து மணிக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, தேத்தண்ணி வைத்து, பெரியதைப் பாடசாலைக்கு வெளிக்கிடுத்தி, சின்னதைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டும். பிந்திப் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில், "நீயே சாப்பிடு கண்ணு" என்று தட்டைப் பிள்ளையிடம் கொடுக்க எந்தத் தாயால் முடியும்? பிள்ளை பாதியைக் கொட்டும், மீதியைத் தலையில் பூசும். உடுப்பு மாற்ற வேண்டும். மழைக் காலத்தில் துவைத்த உடுப்பு மூன்று நாளாகியும் காயாது. மா விற்கிற விலையில் கீழே கொட்டுவதைப் பார்க்க வயிறு எரியும். அதனால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாயில் திணிக்கிறோம்.

இதைச் சொல்லும்போது யாரையும் குற்றம் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. எங்கள் மகளுக்கு ஒன்றேகால் வயது இருக்கும்போது, பாடசாலைக்குப் போகும் அவசரத்தில் அவளைத் துவாயால் சுற்றி, கை இரண்டையும் உள்ளே வைத்துவிட்டு ஊட்டுவோம். அவள் தலையைத் திருப்புவாள், துப்புவாள், அழுவாள். இரண்டு மாதம் கிளினிக்கில் நிறுத்தபோது நிறை கூடவே இல்லை. புத்தகத்தில் கோடு நேராகக் கிடந்தது. மருத்துவிச்சி எங்களைக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "என்ன குடுக்கிறீங்கன்னு கேட்கல டீச்சர். எப்படிக் குடுக்கிறீங்க?" என்றார். பதில் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தது. பத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தெரிந்த எங்களுக்குச் சொந்தப் பிள்ளையின் சாப்பாட்டு நேரம் ஒரு சண்டையாகிப் போனது தெரியவில்லை.

பிள்ளை எப்போது பழகத் தொடங்குகிறது?

ஆறு மாதம் முடிய மேலதிக உணவு தொடங்குகிறோம். எட்டு, ஒன்பது மாதமளவில் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துச் சின்னப் பொருளைக் கிள்ளி எடுக்கப் பிள்ளைக்கு வரும். கீழே கிடக்கிற நூலையும் எறும்பையும் எடுத்து வாயில் வைக்கிற காலம் அது. அப்போதே கையில் உணவைக் கொடுக்கலாம். ஒரு வயதில் கரண்டியைப் பிடித்து இழுக்கும். தலைகீழாகப் பிடிக்கும். ஒன்றரை வயதில் சிந்திச் சிந்திக் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும். இரண்டு வயதளவில் பெரும்பாலும் தானே சாப்பிடும். சில பிள்ளைகள் முந்தும், சில பிந்தும். ஆனால் சிந்தாமல் யாரும் பழகியதில்லை. நாம் கொழுந்து எடுக்கப் பழகிய முதல் வாரத்தில் எத்தனை முற்றல் இலையைப் பறித்துக் கூடையில் போட்டோம்? கங்காணியிடம் எத்தனை ஏச்சு வாங்கினோம்? கை பழக நாள் எடுத்தது. பிள்ளையின் கையும் அப்படித்தான்.

சிந்துவதை முழுக்க நிறுத்த முடியாது. ஆனால் குறைக்கலாம். நாங்கள் செய்து பார்த்ததையும், மற்றத் தாய்மாரிடம் கற்றதையும் சொல்கிறோம்.

முதலாவது, எல்லா வேளையும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். காலையில் அவசரம், நீங்களே ஊட்டிவிடுங்கள். பின்னேரம் மலையிலிருந்து வந்து, முகம் கழுவி, அடுப்பு மூட்டிய பிறகு இருக்கிற அந்த அரை மணித்தியாலத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளை கொடுங்கள். பிள்ளை நல்ல பசியோடு இருக்கும்போது தொடங்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது தட்டைக் கொடுத்தால் அது தட்டோடு சண்டை போடும்.

இரண்டாவது, இடம். காம்பராவில் ஒரு மூலையை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் அதே இடம். முதுகு சுவரிலோ பாட்டியின் மடியிலோ சாய்ந்திருக்க வேண்டும். முதுகு ஆடினால் கையும் ஆடும், சோறும் சிந்தும். கீழே பழைய சேலைத் துண்டையோ கழுவிய மாச் சாக்கையோ விரியுங்கள். சாப்பிட்டு முடிய நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கி வெளியே உதறினால் வேலை முடிந்தது. உரச் சாக்கை விரிக்கவே வேண்டாம். மலைக்குக் கட்டிப் போகிற படங்கையும் விரிக்க வேண்டாம். மருந்து அடித்த மலையில் உரசிய துணி அது. பிள்ளை கீழே விழுந்ததைப் பொறுக்கித் தின்னும் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, உடுப்பு. அண்ணனுடைய பழைய சட்டையை முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிவிடுங்கள். அந்த ஒரு சட்டை மட்டும் நனையட்டும், அழுக்காகட்டும். குளிர் இல்லாத பின்னேரமென்றால் வெறும் உடம்போடு விட்டுப் பிறகு துடைத்துவிடலாம்.

நான்காவது, தட்டு. எவர்சில்வர் தட்டு வழுக்கி ஓடும். அதற்குக் கீழே ஈரத் துணியை மடித்து வையுங்கள், ஓடாது. ஓரம் உயர்ந்த தட்டு நல்லது. பிள்ளை அந்த ஓரத்தில் அணைத்துச் சோற்றை அள்ளும். தண்ணீர் கொடுக்கும்போது கப்பில் கால்வாசி மட்டும் ஊற்றுங்கள். கொட்டினாலும் கால் கப்தான் கொட்டும்.

ஐந்தாவது, அளவு. இதுதான் பெரிய ரகசியம். தட்டு நிறைய வைத்தால் தட்டு நிறையக் கொட்டும். ஒரு கரண்டிச் சோறு வையுங்கள். அது போன பிறகு இன்னொரு கரண்டி. பாத்திரம் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். கொட்டுவதும் குறையும், எவ்வளவு சாப்பிட்டது என்ற கணக்கும் உங்களிடம் இருக்கும்.

ஆறாவது, பதம். தண்ணியாகக் கரைத்ததைப் பிள்ளையால் கையில் எடுக்க முடியாது. சோற்றையும் பருப்பையும் கெட்டியாகப் பிசைந்து சின்ன உருண்டைகளாக வையுங்கள். ரொட்டியைப் பருப்பில் ஊறப்போட்டு விரல் நீளத்துக்குக் கிள்ளி வையுங்கள். அவித்த உருளைக்கிழங்கு, கரட், பூசணி எல்லாம் விரலால் நசித்தால் நசியும் பதத்தில் இருக்க வேண்டும். வாழைப்பழம், பப்பாசி, அவித்த முட்டைத் துண்டு எல்லாம் கைக்கு அடங்கும். நெத்தலியைக் கழுவி உப்புப் போக்கி, வறுத்து இடித்துத் தூளாக்கிச் சோற்றில் சேர்க்கலாம். கிளினிக்கில் திரிபோஷா கிடைத்தால் கொஞ்சம் தேங்காய்ப் பூவோடு சுடுதண்ணீர் தெளித்து உருண்டை பிடித்துக் கொடுங்கள். கஞ்சியாகக் கரைத்தால் சட்டையில் ஊற்றுகிற பிள்ளை, உருண்டையென்றால் இரண்டு கையாலும் பிடித்துத் தின்னும். ஆனால் ஒன்று. திரிபோஷா அந்தப் பிள்ளைக்கு வந்தது. வீட்டில் எல்லோரும் பங்கு போட்டால் பிள்ளைக்கு மிஞ்சாது.

தேத்தண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை ரொட்டியைத் தேத்தண்ணியில் தொட்டுச் சாப்பிடுவதை நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம். தேயிலையில் உள்ள சாயச் சத்து, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். நாம் பறித்த கொழுந்துதான். ஆனால் சின்னப் பிள்ளைக்கு அது வேண்டாம். வயிறும் தேத்தண்ணியால் நிரம்பிவிடும்.

கவனிக்க வேண்டிய சில விஷயங்கள்

பிள்ளை தானே சாப்பிடட்டும் என்றால் தட்டை வைத்துவிட்டு விறகு பொறுக்கப் போவது அல்ல. பக்கத்தில் ஒரு பெரிய ஆள் உட்கார வேண்டும். பிள்ளையின் கையில் ஒரு கரண்டி, உங்கள் கையில் ஒரு கரண்டி. அது இரண்டு வாய் எடுத்தால் இடையில் நீங்கள் ஒரு வாய் கொடுங்கள். நிறை குறைந்த பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். அதைத் தனியே விட்டால் விளையாடிவிட்டுப் பசியோடு எழும்பிவிடும். பழகுவதற்கு அதன் கை, வயிறு நிரம்ப உங்கள் கை, இரண்டும் வேண்டும்.

கச்சான், கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கரட், கெட்டியான தேங்காய்ச் சில்லு, கடினமான மிட்டாய் இவற்றைச் சின்னப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம். தொண்டையில் சிக்கும். ஓடிக்கொண்டும் படுத்துக்கொண்டும் சாப்பிட விட வேண்டாம். ஓங்காளித்து இருமினால் பயப்படாதீர்கள். இருமல் தானே வெளியே தள்ளும். விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகலாம். சத்தம் வராமல், மூச்சு விட முடியாமல் முகம் நீலமானால் உடனே பிள்ளையைக் குப்புறச் சாய்த்து, தலை தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடியால் ஐந்து தரம் பலமாகத் தட்டுங்கள். தட்டிக்கொண்டே வாகனத்துக்கு ஆள் அனுப்புங்கள். ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளை சாப்பாட்டை எறிந்தால்? அடிக்க வேண்டாம். அனேகமாக அதற்குப் போதும் என்று அர்த்தம். வாயை மூடும், தலையைத் திருப்பும், கடைசியில் எறியும். முதல் இரண்டையும் நாம் கவனித்தால் மூன்றாவதற்குப் போகாது. எறிந்தால், "போதுமா?" என்று கேட்டுத் தட்டை எடுத்துவிடுங்கள். இடது கையால் எடுத்தால் பட்டென்று கையில் அடிக்கிறோம். அதுவும் வேண்டாம். எந்தக் கை முந்தும் என்று பிள்ளைக்கே இன்னும் முடிவாகவில்லை. போனைக் காட்டி ஊட்டுவதும் இப்போது லயத்துக்கு லயம் வந்துவிட்டது. பாட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு வாயில் என்ன இருக்கிறது, வயிறு நிரம்பியதா என்று எதுவும் தெரியாது.

இங்கே இருக்கிற ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பின்னேர அரை மணித்தியாலம் என்று சொன்னோமே, அதைத் தாயின் தலையில் மட்டும் போட வேண்டாம். அவள் கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு அடுப்பைப் பிடிக்கிறாள். நீங்கள் அந்த மூலையில் பிள்ளையோடு உட்காருங்கள். கரண்டி பிடிக்கப் பெண் கைதான் வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

இது ஏன் சங்கத்தின் வேலை?

பகலில் நம் பிள்ளைகள் நம்மிடம் இல்லை. பிள்ளை மடுவத்தில், இப்போது சொல்கிற பெயரில் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் இருக்கிறார்கள். பகல் சாப்பாடு அங்கேதான். நாங்கள் போன ஒரு தோட்டத்தில் பதினெட்டுப் பிள்ளைகள், பார்த்துக்கொள்ள ஒரே ஒருவர். அவர் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஒரு பெரிய சட்டியில் பிசைந்து, ஒரே கரண்டியால் ஒவ்வொரு வாயாகப் போட்டுக்கொண்டு போனார். ஒரு பிள்ளைக்குத் தடிமன் வந்தால் பதினெட்டுக்கும் வரும். வயிற்றோட்டமும் அப்படித்தான். அந்த அம்மாவைக் குறை சொல்ல எங்களால் முடியவில்லை. ஒருவர் பதினெட்டுப் பிள்ளைக்கு வேறு எப்படி ஊட்டுவார்? கை கழுவக் குழாயும் உள்ளே இல்லை. கீழே பீலியிலிருந்து வாளியில் தூக்கி வர வேண்டும்.

அங்கே தாய்மார் கூடிப் பேசினார்கள். முதலில் நம்மால் முடிந்தது என்ன? ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஒரு தட்டும் கரண்டியும் கொடுத்துவிட்டார்கள். நடக்கிற பிள்ளைகள் தாங்களே சாப்பிட, அந்த அம்மாவுக்குச் சின்னதுகளைக் கவனிக்க நேரம் கிடைத்தது. முதல் இரண்டு வாரம் தரையெல்லாம் சோறு. தாய்மார் முறை வைத்துக் கூட்டிக் கழுவினார்கள். பிறகு குறைந்தது. அடுத்ததாக, தலைவர் மூலம் தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தார்கள். இரண்டு விஷயம் கேட்டார்கள். உள்ளே தண்ணீர்க் குழாய், உதவிக்கு இன்னொரு ஆள். மூன்று மாதம் அலைந்த பிறகு குழாய் வந்தது. ஆள் இன்னும் வரவில்லை. விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டத்தில் ஏற்கெனவே உள்ள ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில், பின்னர் சேர்க்கப்பட்ட ஏற்பாடுகளின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு 9 மணித்தியால வேலையில் 2 இடைவேளைகள் உண்டு. பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் 1 மணித்தியாலம். அது வேலை செய்த நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். யாரும் நமக்குத் தருகிற சலுகை அல்ல. மலை தூரமாக இருக்கிறது, கொழுந்து நிறைய இருக்கிறது என்று சொல்லி அந்த நேரத்தை வெட்டினால் தலைவரிடம் சொல்லுங்கள். தலைவர் சங்கக் காரியாலயத்துக்கு அறிவிக்கட்டும்.

2016இல் அரசாங்கம் எடுத்த குடிசனத்தொகை மற்றும் சுகாதார ஆய்வில், நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் 100க்கு 32 பேர். ஏறக்குறைய இரண்டு மடங்கு. கரண்டியைப் பிள்ளையின் கையில் கொடுத்தால் இந்தக் கணக்கு மாறிவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். சம்பளம் போதாமல், தண்ணீர் சுத்தமில்லாமல், வயிற்றுப் பிள்ளையோடு தாயும் அரை வயிறாக மலை ஏறுகிறவரை அது மாறாது. அதற்காகத்தான் சங்கம் இருக்கிறது. ஆனால் கிடைக்கிற சாப்பாடு பிள்ளையின் வயிற்றுக்குச் சண்டையில்லாமல் போய்ச் சேர வேண்டும். அது நம் காம்பராவுக்குள் நாமே செய்யக்கூடியது.

எங்கள் மகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறையாக இருக்கும். துவாயை எடுத்தோம். பக்கத்துக் காம்பரா அம்மாயி பின்னேரத்தில் வந்து அவளோடு உட்காருவார். முதல் மாதம் சுவரிலும் பருப்பு. இரண்டாம் மாதம் அவள் தலையைத் திருப்புவது நின்றது. அதற்கு அடுத்த மாதம் புத்தகத்தில் கோடு மேலே ஏறியது. மருத்துவிச்சி பேனாவை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

இந்தக் கூட்டத்திலிருந்து மூன்று வேலையை எடுத்துக்கொண்டு போவோம். ஒன்று, இன்றைக்குப் பின்னேரமே ஒரு வேளையைப் பிள்ளையின் கைக்குக் கொடுப்போம். இரண்டு, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் நிறுக்கத் தவறாமல் கொண்டுபோவோம். மூன்று, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு டிவிசனிலும் பிள்ளை மடுவத்தில் குழாய், தட்டு, ஆள் எத்தனை என்று பார்த்து எழுதித் தலைவரிடம் கொடுப்போம். அந்தக் கணக்குக் கையில் இருந்தால்தான் அடுத்த பேச்சுவார்த்தையில் மேசையில் வைத்துக் கேட்க முடியும்.